எந்த ஏடிவி மேல் என்ற கேள்வி

இரண்டு ஏடிவிகளில் எது மேல் என்று கேட்பவர் உண்மையில் இரண்டு கேள்விகள் கேட்கிறார். எதன் இன்ஜின் வலுவானது, எது சீக்கிரம் வேகம் எடுக்கிறது, எது மேட்டில் திணறாமல் ஏறுகிறது என்பது ஒன்று. எந்த வண்டி ஓட்டுபவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைப் பெர்ஃபாமன்ஸ் என்றும் இரண்டாவதை ஹேண்ட்லிங் என்றும் வாகன உலகம் பிரித்துப் பேசும். முதலாவதை அளக்க டைனமோமீட்டரும் ஸ்டாப்வாட்சும் இருக்கின்றன. இரண்டாவதை ஓர் ஆள் ஏறி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது வண்டியைப் பற்றிய உண்மையா, தன்னைப் பற்றிய உண்மையா? பொருள்களின் குணங்கள் பொருளிலேயே இருக்கின்றனவா, காண்பவரைச் சார்ந்தவையா என்று தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அந்த விவாதத்துக்கு ஏடிவி ஒரு நல்ல உரைகல். காரணம், இந்த வண்டியில் ஓட்டுபவரும் இயந்திரத்தின் ஒரு பாகமாகவே வேலை செய்கிறார்.

ஏடிவி என்பது கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது: பருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்கள், இருபுறமும் கால் போட்டு உட்காரும் சீட், ஸ்டியரிங் வீலுக்குப் பதில் ஹேண்டில்பார். 1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த யுஎஸ்90 இந்த இனத்தின் முன்னோடி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதங்களில் கடையில் வைத்து விற்க ஏதாவது வேண்டும் என்ற தேவையில் பிறந்தது அது. வடிவமைத்தவர் ஒசாமு டகெயுச்சி. மூன்று சக்கரம், 89 சிசி இன்ஜின். சஸ்பென்ஷன் கிடையாது, பலூன் டயர்கள்தான் குலுக்கலைத் தாங்கின. நான்காவது சக்கரம் 1982-இல் சுஸுகியின் குவாட்ரன்னர் எல்டி125 வழியாக வந்தது. நான்கு சக்கர ஏடிவியைக் குவாட் என்பார்கள். அதன் பிறகு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பந்தயத்துக்கும் விளையாட்டுக்குமான ஸ்போர்ட் குவாட் ஒரு கிளை. பண்ணை வேலை, வேட்டை, காட்டுப் பாதை என்று உழைக்கும் யுட்டிலிட்டி வகை மறு கிளை. இந்த இரண்டாம் கிளைக்கு 1986-இல் ஹோண்டாவே நான்கு சக்கர இழுவையைத் தந்தது. பந்தயக் குவாடையும் உரமூட்டை சுமக்கும் குவாடையும் பக்கத்தில் நிறுத்தி எது மேல் என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஒரே கிளையில், ஒரே வேலைக்கென்று செய்யப்பட்ட போட்டி வண்டிகளை ஒப்பிடும்போதுதான் சண்டை வருகிறது.

ஸ்போர்ட் குவாட் ஒன்றின் எடை சுமார் 160 முதல் 180 கிலோ. அதில் ஏறும் ஆள் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்றால், நகரும் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மனித உடல். கார் ஓட்டுநர் சீட்டில் எப்படிச் சாய்ந்தாலும் கார் அதைச் சட்டை செய்வதில்லை. குவாடில் கதையே வேறு. பெரும்பாலான ஸ்போர்ட் குவாடுகளில் பின்பக்கம் டிஃபரென்ஷியல் இருக்காது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓடியாக வேண்டும். ஆக்ஸில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எனவே ஹேண்டில்பாரை மட்டும் ஒடித்தால் முன்சக்கரங்கள் மண்ணை வழித்துக்கொண்டு நேராகவே போகும். அனுபவசாலி சீட்டிலிருந்து எழுகிறார். இடுப்பை உள்பக்கம் நகர்த்துகிறார். வெளிப்பக்க ஃபுட்பெக்கில் பாதத்தை ஊன்றி அழுத்துகிறார். த்ராட்டிலை ஒரு சிட்டிகை திறக்கிறார். பின்சக்கரங்கள் பிடி விட்டு வழுக்குகின்றன, வண்டியின் பின்புறம் வெளியே வீசுகிறது, முன்புறம் திருப்பத்துக்குள் வருகிறது. வழுக்கல் இங்கே தவறு அல்ல, திரும்பும் முறையே அதுதான்.

ஆக, “இந்த வண்டி நன்றாகத் திரும்புகிறது” என்று சொல்லும்போது திரும்புவது எது? ஆள் இல்லாத வண்டிக்குத் திரும்பும் குணம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

ஜான் லாக் 1689-இல் வெளிவந்த தம் பெருநூலில் பொருள்களின் குணங்களை இரண்டாகப் பிரித்தார். வடிவம், பருமன், எண்ணிக்கை, அசைவு ஆகியவை யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பொருளில் இருப்பவை. நிறம், சுவை, மணம் போன்றவை அப்படியல்ல. நம்மிடம் ஓர் உணர்வை உண்டாக்கும் ஆற்றலாக மட்டுமே அவை பொருளில் உள்ளன. இந்தப் பிரிவினையை வாகனத்தின்மேல் வைத்தால் பெர்ஃபாமன்ஸ் முதல் வகையிலும் ஹேண்ட்லிங் இரண்டாம் வகையிலும் போய் அமரும் என்று தோன்றும். அது பாதிதான் சரி. ஹேண்ட்லிங் நிறத்தைப் போல உணர்வு மட்டும் அல்ல. வழுக்கும் சக்கரம் உண்மையாகவே வழுக்குகிறது, கவிழும் வண்டி உண்மையாகவே கவிழ்கிறது. செருப்பு காலுக்குப் பொருந்துவதோடு வைத்துப் பார்க்கலாம். பொருத்தம் செருப்பில் மட்டும் இல்லை, காலில் மட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனாலும் அது கற்பனை இல்லை, கடித்தால் கொப்புளம் வரும். வண்டி, நிலம், ஆள் என்ற மூன்றும் கூடும் இடத்தில் உள்ள ஓர் உறவே ஹேண்ட்லிங். உறவு என்பதாலேயே அது அவரவர் விருப்பம் ஆகிவிடாது.

பெர்ஃபாமன்ஸும் முழுக்க ஆள் சாராதது அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைனமோமீட்டர் காட்டும் குதிரைத்திறன் பெஞ்சில் நிற்கும் இன்ஜினுக்கு உரியது. மணல்மேட்டில் அந்தத் திறன் எவ்வளவு தூரம் தரையைத் தொடும் என்பதை ஓட்டுபவர் பின்னால் சாய்கிறாரா முன்னால் சாய்கிறாரா என்பதும் தீர்மானிக்கிறது.

ஹேண்ட்லிங் உறவுதான் என்றால், ஓட்டிப் பார்த்தவர்களின் தீர்ப்பு ஏன் வேறுபடுகிறது? ஒருவர் முன்பக்கம் உறுதியாக இருக்கிறது என்பார். இன்னொருவர் அதே வண்டியின் முன்பக்கம் கனமாக இருக்கிறது என்பார். டேவிட் ஹியூம் 1757-இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் டான் கிஹோட்டே நாவலிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். ஒருவர் தோல் வாடை என்கிறார், மற்றவர் இரும்பு வாடை என்கிறார், கூட்டம் சிரிக்கிறது. பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு பழைய சாவி. இரண்டு பேரும் சரி. உறுதி என்றவரும் கனம் என்றவரும் அந்த உறவினர்களைப் போன்றவர்களாக இருக்கலாம். முன்பக்கம் எடை அதிகம் விழுமாறு சேஸி அமைந்திருந்தால் வேகமான நேர்பாதையில் அது உறுதி, நெருக்கமான திருப்பத்தில் அதுவே கனம். பீப்பாயின் அடியில் கிடந்த சாவிபோல எடைப் பகிர்வு என்ற அளக்கக்கூடிய காரணம் இரண்டு தீர்ப்புகளுக்கும் அடியில் கிடக்கிறது.

விமானத்துறை இந்தச் சிக்கலை முன்பே சந்தித்துவிட்டது. ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் என்ற இருவர் 1969-இல் நாசா வெளியீடாகத் தந்த அளவுகோலை இன்றும் சோதனை விமானிகள் பயன்படுத்துகிறார்கள். விமானம் எவ்வளவு நன்றாகப் பறக்கிறது என்று அது கேட்பதில்லை. குறிப்பிட்ட வேலை ஒன்றை, குறிப்பிட்ட துல்லியத்தோடு முடிக்க விமானி எவ்வளவு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது என்று கேட்கிறது. பதில் 1 முதல் 10 வரை. 1 என்றால் மிக நன்று, 10 என்றால் கட்டுப்பாடே போய்விடும். இயந்திரத்தின் குணத்தை அதை இயக்கும் ஆளின் சிரமத்தால் அளப்பது என்பது துணிச்சலான யோசனை. அகவயமான ஒன்றை அது ஒளித்துவைக்கவில்லை, ஒழுங்குபடுத்துகிறது. வேலை என்ன என்பதையும் அளவுகோலுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஏடிவி ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டாவது அம்சம்தான்.

வேலையைச் சொல்லாமல் சிறப்பைச் சொல்ல முடியாது என்பது பழைய சிந்தனை. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலில் குதிரையின் சிறப்பைச் சொல்லும்போது நன்றாக ஓடுவது, ஏறியவரைச் சுமப்பது, பகைவர் முன் நிலைகுலையாமல் நிற்பது என்று சொல்கிறார். குதிரையின் சிறப்புக்குள் குதிரைக்காரரும் வந்துவிடுவதைக் கவனிக்கலாம். அவருடைய ஆசான் பிளாட்டோ குடியரசின் பத்தாம் புத்தகத்தில் கடிவாளத்தை எடுத்துக்கொள்கிறார். ஓவியன் அதை வரைகிறான். தோல்காரனும் கொல்லனும் செய்கிறார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்தவனோ குதிரையேறுபவன் ஒருவனே. செய்தவனுக்கும் மேலாகப் பயன்படுத்துபவனுக்கே அறிவு உண்டு என்ற இந்த வாதம் சோதனை ஓட்டுநர்களின் குலதெய்வமாக இருக்கத் தகுதியுள்ளது. அதில் ஓர் ஓட்டையும் உண்டு. குதிரையேறுபவர்கள் எல்லாரும் ஒரே வேலைக்கு ஏறுவதில்லை.

1956-இல் பீட்டர் கீச் என்ற ஆங்கிலத் தத்துவவாதி இதை இலக்கண வடிவில் தீட்டினார். ‘சிவப்பு வண்டி’ என்றால் அது சிவப்பு, அது வண்டி என்று இரண்டாகப் பிரிக்கலாம். ‘நல்ல வண்டி’யை அப்படி நல்லது என்றும் வண்டி என்றும் பிரிக்க முடியாது. வண்டியாக அது நல்லது, அவ்வளவுதான். யமஹாவின் வரலாறே இதற்குச் சாட்சி சொல்லும். 2009 மாடலாக வந்த ஒய்எஃப்இசட்450ஆர் அகலமான பந்தயக் குவாட், சுமார் 124 சென்டிமீட்டர். மோட்டோகிராஸ் தடத்தில் தாவி இறங்கும்போதும் வேகமாக வளையும்போதும் அந்த அகலம் கவிழாமல் காக்கும். மரங்களுக்கு நடுவே ஓடும் காட்டுப் பந்தயத்தில் அதே அகலம் அடிமரத்தில் போய் மோதும். 2010-இல் அதே நிறுவனம் ஒய்எஃப்இசட்450எக்ஸ் என்று இன்னொன்றை விட்டது. அகலம் சுமார் 117 சென்டிமீட்டர். சஸ்பென்ஷனும் வேர், கல், குழி என்று இருக்கும் பாதைக்குத் தக்கபடி மாற்றப்பட்டது. ஏழு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். எது நல்லது என்று கேட்டால் நிறுவனமே அப்போது இரண்டையும் விற்றது.

வேலையைச் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? 1980களின் பிற்பாதியில் வந்த இரண்டு வண்டிகள் தீராது என்கின்றன. ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் 1986 முதல் 1989 வரை வந்தது. தண்ணீர்க் குளிர்ச்சியுள்ள ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். யமஹா பான்ஷீ 1987-இல் வந்து அமெரிக்காவில் 2006 வரை ஓடியது. இரட்டை சிலிண்டர், 347 சிசி, அதுவும் டூ-ஸ்ட்ரோக். பான்ஷீயின் இன்ஜின் யமஹாவின் ஆர்டி 350 குடும்பத்தில் பிந்தி வந்த தண்ணீர்க் குளிர்ச்சி வகையிலிருந்து பிறந்தது. எஸ்கார்ட்ஸ் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350 அதே குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதை ஓட்டியவர்களுக்கு அந்தக் குணம் நினைவிருக்கும்: கீழே ஒன்றுமில்லாதது போல இருந்து, ஒரு கட்டத்தில் திடீரென்று எல்லாவற்றையும் கொட்டும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் பான்ஷீ கொண்டாடப்பட்டது இந்தக் கொட்டலுக்காகத்தான். மோட்டோகிராஸ் தடங்களில் ஹோண்டாவின் சமநிலை வென்றது. உற்பத்தி நின்ற பிறகும் பத்தாண்டுக்கு மேல் அதன் அமைப்பைப் பின்பற்றிய பந்தயச் சட்டகங்கள் ஓடின. வேலை எது என்று பிரித்துவிட்டதால் இந்தப் பிணக்கு ஓரளவு தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் மணல், கொஞ்சம் காடு, எப்போதாவது ஒரு பந்தயம் என்று கலந்து ஓட்டுபவருக்கு அந்தப் பிரிவினை கைகொடுக்காது. பெரும்பாலான வாங்குபவர்கள் அப்படிப்பட்டவர்களே.

அவர்களுக்காகத்தான் மதிப்பெண் அட்டவணை வந்தது. வேகம் எடுப்பதற்கு இவ்வளவு, திரும்புவதற்கு இவ்வளவு, சஸ்பென்ஷனுக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டி ஒரு வெற்றியாளரை அறிவிப்பது எளிது. எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை என்ற முடிவு அதில் ஓசையில்லாமல் எடுக்கப்பட்டுவிடுகிறது என்பது முதல் குறை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மூன்று வண்டிகளை வைத்துக்கொள்ளலாம். வேகம் எடுப்பதில் முதல் வண்டி முதலிடம், இரண்டாம் வண்டி இரண்டாமிடம், மூன்றாம் வண்டி கடைசி. திரும்புவதில் இரண்டாவது முதலிடம், மூன்றாவது அடுத்து, முதல் வண்டி கடைசி. குலுக்கல் தாங்குவதில் மூன்றாவது முதலிடம், முதல் வண்டி அடுத்து, இரண்டாவது கடைசி. மூன்றில் இரண்டு பண்புகளில் முந்தினால் மேல் என்று வைத்துக்கொண்டால் முதல் வண்டி இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது திரும்பி வந்து முதல் வண்டியை வெல்லும். வட்டம் முடிவதே இல்லை. கொந்தோர்சே 1785-இல் வாக்கெடுப்புகளைப் பற்றிக் கண்டுசொன்ன முரண் இது. கென்னெத் ஏரோ 1951-இல் இதைப் பெரிய தேற்றமாக்கினார். வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மிக எளிய சில நிபந்தனைகளை மீறாமல், ஒரே பொது வரிசையை எப்போதும் தரக்கூடிய முறை கிடையாது என்று அவர் நிறுவினார். வாக்காளர்களின் இடத்தில் பண்புகளை வைத்தால் ஒப்பீட்டு அட்டவணையும் அதே வலையில் விழுகிறது. எண்களைக் கூட்டினால் வலையிலிருந்து தப்பலாம். ஆனால் ஒரு விநாடி வேகம் எத்தனை அலகு சுகத்துக்குச் சமம் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

சமம் என்று சொல்லிவிடலாமே என்பார்கள். ஜோசப் ராஸ் 1986-இல் எழுதிய சுதந்திரத்தின் அறம் பற்றிய நூலில் அதற்கு ஒரு சோதனை வைத்தார். இரண்டு வண்டிகள் சமம் என்றால், அவற்றில் ஒன்றைத் துளி மேம்படுத்தினாலும் அது முந்திவிட வேண்டும். தராசுத் தட்டு அப்படித்தான் நடந்துகொள்ளும். 2004 மாடல்களான யமஹா ஒய்எஃப்இசட்450-ஐயும் ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர்-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். யமஹாவில் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். முதல் இரண்டு ஆண்டுகளின் ஹோண்டாவைக் காலால் உதைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கும் ஒருவரிடம் 2006-இல் ஹோண்டாவுக்கும் எலெக்ட்ரிக் ஸ்டார்ட் வந்துவிட்டது என்று சொன்னால், தயக்கம் உடனே தீர்ந்துவிடுவதில்லை. நல்ல மாற்றம் என்பார், பிறகும் இரண்டையும் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்படியானால் அவை சமமாகவும் இருந்ததில்லை, ஒன்று மேலாகவும் இருந்ததில்லை. ராஸ் இதை அளவுகோல் பொருந்தாமை என்றார். அதைவிட நயமான விடையை ரூத் சாங் சொன்னார்: மேல், கீழ், சமம் என்ற மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஓர் உறவு உண்டு, இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ராஸின் முடிவை ஏற்றால் ஒப்பீட்டையே கைவிட வேண்டியிருக்கும். சாங்கின் முடிவில் ஒப்பீடு நிற்கும், தீர்ப்பு மட்டும் வாங்குபவரிடம் போகும். இந்த விஷயத்தில் சாங் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. ஒரே தளத்தில் நிற்கும் இந்த இரண்டோடு ஒப்பிட்டால் தளர்ந்த ஆக்ஸிலும் கசியும் ஷாக்கும் உள்ள வண்டி எந்த வகையிலும் கீழேதான். எல்லாம் அவரவர் இஷ்டம் என்பவர்கள் இந்த எளிய உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பந்தயம் தீர்ப்பு சொல்லட்டும் என்ற வழியும் இருக்கிறது. பல நாள் பாலையில் ஓடும் டக்கார் பந்தயத்தில் 2009 முதல் 2024 வரை குவாடுகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. அர்ஜென்டினாவின் பட்ரொனெல்லி சகோதரர்கள் ஐந்து முறையும் சிலியின் இக்னாசியோ கசாலே மூன்று முறையும் வென்றார்கள். வென்றவர்கள் பெரும்பாலும் ஓட்டியது யமஹா ராப்டர் 700. ராப்டர்தான் சிறந்த குவாட் என்பதற்கு இது சான்றா? அணிகள் ராப்டரை நாடின. நாடியதால் உதிரிப்பாகமும் மெக்கானிக்கின் அனுபவமும் அதற்கே குவிந்தன. அவை குவிந்ததால் வென்றது. வென்றதால் இன்னும் அதிகம் பேர் நாடினார்கள். காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் வெற்றி ஒரு தகவலாக மட்டுமே நிற்கும். பல நாள் பாலையில் உடையாமல் தாங்கும் என்பது நிரூபணமானது. ஞாயிற்றுக்கிழமை மணல்மேட்டுக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி.

ஓட்டாத வண்டியைப் பற்றி ஒருவர் அறிவது எப்படி என்பதும் இங்கே கேட்கத்தக்கது. நியாய தரிசனம் உவமையைத் தனி அறிவுவாயிலாகவே எண்ணுகிறது. காட்டுப்பசு என்ற விலங்கு நாட்டுப்பசுவைப் போல இருக்கும் என்று காட்டுவாசி சொல்லக் கேட்ட நகரவாசி, பிறகு காட்டில் அதைக் கண்டதும் இதுதான் அது என்று அறிகிறான். மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளிலும் உவமம் உண்டு. பௌத்தம் பேசும் அறவண அடிகளோ காட்சி, அனுமானம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். வண்டி விமர்சனங்கள் நடைமுறையில் நியாய வாதிகளின் பக்கம். “முன்பக்கம் பழைய 400-ஐப் போல, ஆனால் திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் தட்டையாக உட்காரும்” என்ற ஒரு வரி, 400-ஐ ஓட்டியவருக்கு நூறு எண்களைவிட அதிகம் சொல்லும். எதையுமே ஓட்டாதவருக்கு அது ஒன்றுமே சொல்லாது. நியாயத்தின் உவமை ஒற்றுமையைச் சொல்லி அடையாளம் காட்டும். மேல் கீழ் என்று வரிசைப்படுத்தும் வேலையை அது ஏற்றதில்லை. விமர்சகர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் தடுமாறுகிறார்கள்.

பழக்கம் இந்த அறிவைக் கோணலாக்கவும் செய்யும். மெர்லோ-பொந்தி 1945-இல் எழுதிய புலனறிவு பற்றிய நூலில் பார்வையற்றவரின் கைத்தடியைப் பேசுகிறார். பழகிய பின் தடி கையில் பிடித்த பொருளாக இராது. தொடுவுணர்ச்சி தடியின் நுனிக்கே போய்விடும். குவாடும் அப்படித்தான். பல ஆண்டு ஒரே வண்டியை ஓட்டியவரின் தொடைக்கும் பாதத்துக்கும் அதன் அகலம் தெரியும். எந்த இடத்தில் வழுக்கத் தொடங்கும் என்பதைப் புத்திக்கு முன் இடுப்பு அறியும். மைக்கேல் பொலானி சொன்னதுபோல் சைக்கிள் ஓட்டுபவர் தான் பின்பற்றும் சமநிலை விதியைச் சொல்லத் தெரியாமலே பின்பற்றுகிறார். அப்படிப் பழகியவரைப் போட்டி வண்டியில் ஏற்றினால் எல்லாம் தப்பாகவே படும். அவருடைய உடல் ஒப்பிடுவது இரண்டு வண்டிகளை அல்ல, தன்னையும் ஓர் அந்நியத்தையும். சில வாரம் ஓட்டினால் அந்தத் தீர்ப்பு மாறலாம். முதல் நாள் தீர்ப்பு சரியா, பிந்தியது சரியா? வண்டி மாற்றி மாற்றி ஓட்டும் வேலையில் உள்ளவருக்கு முதல் நாள் தீர்ப்பே முக்கியம். சொந்தமாக வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்குப் பிந்தியதுதான். பவர் ஸ்டியரிங் கதையும் இதேதான். 2007-இல் யமஹா கிரிஸ்லி 700 எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கோடு வந்தபோது பழைய கைகளுக்குத் தரை தரும் செய்தி மங்கிப்போனதாகப் பட்டது. அது இல்லாத காலத்தை அறியாதவர்களுக்கு மங்கல் என்று எதுவுமே இல்லை, மாலையில் தோள் வலிக்காதது மட்டும் உண்டு.

ஆளைச் சார்ந்த குணம்தான் ஹேண்ட்லிங் என்று ஒப்புக்கொண்டால் அறம் சார்ந்த கேள்வி ஒன்று வந்து நிற்கும்: எந்த ஆள்? மூன்று சக்கர வண்டிகள் இதைக் கூர்மையாகக் கேட்டன. 1981-இல் வந்த ஹோண்டா ஏடிசி250ஆர் தேர்ந்தவர் கையில் அற்புதமான பந்தய வண்டி. முன்னால் ஒரே சக்கரம், பின்னால் டிஃபரென்ஷியல் இல்லாத ஆக்ஸில். திருப்பத்தில் உடலை உள்ளே சாய்த்து, எடையை வெளிப்பக்க ஃபுட்பெக்கில் வைக்க வேண்டும். பழகாதவர் எடையை உள்ளே போட்டுவிடுவார், அல்லது மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றுவார். ஊன்றிய காலின்மேல் பின்சக்கரமே ஏறும். விபத்துகளும் மரணங்களும் குவிந்தன. அவற்றில் குழந்தைகள் பலர். 1988 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் இடையே நீதிமன்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சிசிக்கு மேற்பட்டவற்றை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்று ஏற்கப்பட்டது. வாங்குபவர்களுக்குப் பயிற்சி தருவதாகவும் உறுதி அளிக்கப்பட்டது. ஒப்பந்தம் 1998-இல் காலாவதியானது. 2008-இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய மூன்று சக்கர ஏடிவிகளை மீண்டும் தடுத்தது.

தேர்ந்தவர்களில் பலர் இதை அநியாயம் என்றார்கள். ஓட்டத் தெரியாதவரின் தவறுக்கு வண்டியைத் தண்டிப்பதா என்பது அவர்கள் வாதம். பிளாட்டோவின் குதிரையேறுபவன் அவர்கள் பக்கம் நிற்பான். ஆனால் கடைக்காரர் குதிரையேறுபவனுக்கு மட்டும் விற்பதில்லை. ஹேண்ட்லிங் என்ற உறவின் ஒரு முனையில் யார் வந்து அமர்வார் என்று தெரியாமல் விற்கப்படும் வண்டியை, அமரக்கூடிய எல்லாரையும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஆணையம் அப்படித்தான் மதிப்பிட்டது. அது சரியான மதிப்பீடு என்றே சொல்ல வேண்டும். அதனால் தேர்ந்தவர்களின் தீர்ப்பு பொய்யாகிவிடவில்லை. ஏற்கெனவே விற்றுப்போன பழைய மூன்று சக்கர வண்டிகளை ஆர்வலர்கள் இன்றும் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் அவை நன்றாகவே திரும்புகின்றன.

சிறுவர்களுக்கென்று தனியாகச் செய்யப்படும் குவாடுகளில் இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரே இயந்திரத்தில் சந்திக்கின்றன. ஹேண்டில்பாரில் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். அதை முழுக்க முடுக்கினால் குழந்தை கட்டைவிரலை எவ்வளவு அழுத்தினாலும் த்ராட்டில் ஓர் அளவுக்கு மேல் திறக்காது. குழந்தை தேறத் தேறப் பெற்றோர் அதைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்துகிறார்கள்.